ஒரு வருடத்து அரிசி

எங்கள் வீட்டில் யாருக்காவது புதுச் சோப்பு வேண்டுமென்றால் பழைய சோப்பைக் கொண்டுபோய்க் காட்ட வேண்டும். மாமா அதை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்ப்பார். பின்னால் வைத்த விரல் நிழலாகத் தெரியும் அளவுக்குத் தேய்ந்திருந்தால் புதுசு கிடைக்கும். இல்லாவிட்டால், "இன்னும் ரெண்டு குளியலுக்கு வரும்பா இது" என்று திருப்பிக் கொடுத்துவிடுவார். என் கணவர் ஒருநாள் இடுப்பில் துண்டோடு, தலையிலிருந்து தண்ணீர் சொட்டச் சொட்டப் போய் நின்றார். பெற்ற பிள்ளைதான். அவருக்கும் அதே சட்டம்தான்.

மாமா என்றால் என் கணவரின் அப்பா. பஸ் டெப்போவில் ஸ்டோர் கீப்பராக இருந்து ஓய்வு பெற்றவர். மெக்கானிக்குக்குப் புது பெல்ட் வேண்டுமென்றால் அறுந்த பெல்ட்டைக் கொண்டுவந்து மேஜைமேல் போட வேண்டும். போல்ட் வேண்டுமென்றால் மரை தேய்ந்த போல்ட்டைக் காட்ட வேண்டும். பெரிய அதிகாரியே ஆனாலும் வெறுங்கையோடு வந்தவர் வெறுங்கையோடுதான் திரும்பிப் போவார். டெப்போவில் யாரும் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லையாம். 'ஸ்டோர்' என்றால் அந்த அறையும் அவர்தான், அந்த ஆளும் அவர்தான்.

அப்படிப்பட்டவர் ஓய்வு பெற்ற பிறகு இருந்த இருப்பே வேறு. சோபாவின் ஒரு மூலையில் உட்கார்ந்தார். உட்கார்ந்தவர் உட்கார்ந்தவர்தான். டிவியைப் போட்டால் பார்ப்பார், அணைத்தால் அணைந்த டிவியைப் பார்ப்பார். நாளுக்கொரு முறை மழித்த முகம் வாரத்துக்கொரு முறை ஆனது. இன்று என்ன கிழமை என்று என் மகளிடம் கேட்பார். அவள் வேண்டுமென்றே மாற்றிச் சொன்னாலும் தலையாட்டிக்கொள்வார். அத்தை சமையலறையில் என்னிடம் குரலைத் தாழ்த்திச் சொன்னார்: "இப்படியே விட்டா மனுஷன் கரைஞ்சே போயிடுவாரு. நான் பார்த்துக்கிட்டே இருக்கேன், ஒண்ணும் பண்ண முடியல."

அந்த நேரத்தில்தான் என் கணவர் வேலை பார்க்கும் அச்சகத்தில் ஆர்டர் குறைந்து, வாரத்தில் பாதி நாள் வந்தால் போதும் என்று சொல்லிவிட்டார்கள். பாதி நாள் வேலை என்றால் பாதிச் சம்பளம் என்பதை யாரும் விளக்க வேண்டியதில்லை. நான் ஒரு கண்ணாடிக் கடையில் வேலை செய்கிறேன். வருகிறவர்களை நாற்காலியில் உட்காரவைத்து, எதிரே இருக்கும் எழுத்துகளை வாசிக்கச் சொல்லி, பவர் பார்த்து ஃபிரேம் மாட்டிவிடுகிற வேலை. அதில் வருவது வாடகைக்கும் வாண்டுவின் பள்ளிக்கூடத்துக்கும் சரியாகிவிடும். வாண்டு என்பது என் மகள். கைக்கு அடங்காதவள் என்பதால் அந்தப் பெயர்.

என் கணவர் விஷயத்தைச் சொல்லிவிட்டுத் தலையில் கைவைத்து உட்கார்ந்தார். அத்தை கண்ணைத் துடைத்துக்கொண்டார். சோபா மூலையிலிருந்து ஒரு குரல் வந்தது.

"வீட்டுல சர்க்கரை எவ்வளவு இருக்கு?"

யாருக்கும் தெரியவில்லை. எண்ணெய் எத்தனை நாள் வரும் என்றார். அதுவும் தெரியவில்லை. மாமா எழுந்து நின்றார். பல மாதங்களுக்குப் பிறகு அவர் தானாக எழுந்து நின்றதை நாங்கள் எல்லோரும் வாயைப் பிளந்துகொண்டு பார்த்தோம்.

"தீர்ந்தப்புறம் வாங்கினா கடைக்காரன் வெச்சதுதான் விலை. தீர்றதுக்கு முன்னாடி வாங்கினா நாம பார்த்து வாங்கலாம். ஒரு வருஷத்துக்கு ஸ்டாக் வேணும். கூடுதலா ஒரு காசு வேண்டாம், இப்ப ஆகுற செலவுலயே பண்றேன்."

பண்ணினார். அன்றிலிருந்து எங்கள் வீட்டில் விடுமுறை என்று ஒன்று கிடையாது. எந்தக் கடையில் எது மலிவு என்று நடந்தே போய் விசாரித்துவிட்டு வருவார். ஒரு பாக்கெட் வாங்கும் இடத்தில் இரண்டு வாங்கி, ஒன்றை மறந்துவிட வேண்டும் என்பது முதல் விதி. நசுங்கிய டப்பா, கிழிந்த அட்டை, உறை மாறிய சலவைத்தூள், ஓரம் உடைந்த மெழுகுவத்தி, இவைமேல் அவருக்குத் தனிப் பாசம். "உள்ள இருக்கிறதுக்கு நசுங்கல் தெரியாது" என்பார். எதை எடுத்தாலும் பழசு முன்னால், புதுசு பின்னால். யாராவது கையைப் பின்னால் நீட்டி எடுத்தால் வீடே அதிரும்.

சூப்பர் மார்க்கெட்டில் எண்ணெய் பாதி விலை, ஆளுக்கு ஒன்றுதான் என்று போட்டிருந்த நாளை நான் சாகும்வரை மறக்க மாட்டேன். மாமா எங்கள் ஐந்து பேரையும் வாசலிலேயே பிரித்துவிட்டார். ஒருவரையொருவர் தெரியாததுபோல வேறு வேறு வரிசையில் நிற்க வேண்டும், திரும்பிப் பார்க்கக் கூடாது, சிரிக்கவே கூடாது. அத்தை முகத்தைக் கல்லாக வைத்துக்கொண்டு நின்றார். என் கணவர் யாரோ மூன்றாம் மனிதனைப் பார்ப்பதுபோல என்னைப் பார்த்து, "எக்ஸ்கியூஸ் மீ, இந்த லைன் நகருதுங்களா?" என்றார். எல்லாம் ஒழுங்காகத்தான் போய்க்கொண்டிருந்தது. தன் வரிசையில் பாட்டிலைக் கட்டிப்பிடித்துக்கொண்டிருந்த வாண்டு, கல்லாவில் இருந்த பெண்ணிடம் நல்ல சத்தமாகக் கேட்டாள்: "நான் எங்க தாத்தாவைத் தெரியாத மாதிரி நிக்கிறேன்ல, கரெக்டா நிக்கிறேனா?"

எண்ணெய் கிடைத்தது. அந்தப் பெண் சிரித்த சிரிப்பில் பாட்டிலை யாரும் எண்ணவில்லை.

சமையலறையை ஒட்டி ஜன்னல் இல்லாத ஒரு சின்ன அறை உண்டு. அதுவரை உடைந்த நாற்காலியும் பழைய மின்விசிறியும் குடியிருந்த இடம். மாமா அதைக் காலி செய்து, பழைய இரும்புச் சட்டங்களை வாங்கிவந்து, தானே முடுக்கி ரேக் அடித்தார். தினமும் முகம் மழித்தார். சட்டையை உள்ளே விட்டுக்கொண்டு, காலையில் டீ குடித்ததும் 'வேலைக்கு' அந்த அறைக்குள் போவார். என்ன கிழமை என்று இப்போது அவர் யாரிடமும் கேட்பதில்லை. அத்தை அவரை வாசலில் நின்று பார்த்துவிட்டு வந்து, வேலை மெனக்கெட்டு என் கையைப் பிடித்து அழுத்துவார். சோப்புக்காகத் துண்டோடு நிற்க வேண்டி வந்தாலும் நாங்கள் யாரும் ஒரு வார்த்தை பேசாததற்கு அதுதான் காரணம்.

எனக்கு மூக்கு நுனியில் கோபம் என்று பிறந்த வீட்டில் சொல்வார்கள். கல்யாணத்துக்குப் பிறகு அதைக் கொஞ்சம் உள்ளே தள்ளி வைத்திருக்கிறேன், அவ்வளவுதான். அது மறுபடி எட்டிப் பார்த்தது அரிசியால்.

அறுவடை முடிந்து விலை இறங்கிய சமயத்தில் மாமா ஒரு வருடத்துக்கு வேண்டிய அரிசியை ஒரே தடவையில் வாங்கினார். அதுவரை மிச்சம் பிடித்ததில் பெரும்பகுதி அதில் போயிற்று. அரிசி மூச்சு விட வேண்டும் என்று பிளாஸ்டிக் டிரம்மைத் தவிர்த்து, துணிப் பைகளில் கட்டினார். சரியான யோசனை. அதே வாரம் ஒரு சோப்புக் கம்பெனி வாசலில் மலிவு விலைக்குப் பெட்டி பெட்டியாகச் சோப்பு விற்றார்கள். பாதி ரோஜா, பாதி எலுமிச்சை. சோப்பைக் காகிதம் பிரித்துக் காயவிட்டால் இறுகும், கரையாமல் நாள்கணக்கில் வரும் என்று எல்லாவற்றையும் உரித்தார். அதுவும் சரியான யோசனைதான். மூன்றாவது யோசனைதான் எங்கள் தலையில் விடிந்தது. ரேக்கில் காலி இடத்தைக் கண்டால் மாமாவுக்குக் கை துறுதுறுக்கும். டெப்போவில் பெரிய வளையத்துக்குள் சின்ன வளையம், அதற்குள் வாஷர் என்று அடுக்கியே பழகியவர். இரும்புக்குப் பக்கத்தில் எந்த இரும்பை வைத்தால் என்ன? அரிசிப் பைகளுக்கு நடுவே இருந்த இண்டு இடுக்கெல்லாம் உரித்த சோப்புகளைச் செருகிவிட்டு, கதவைச் சாத்தினார்.

முதல் பையைத் திறந்து சமைத்த அன்று, தட்டில் விழுந்த சோற்றிலிருந்து ஆவியோடு சேர்ந்து கல்யாண மண்டபத்துக் குளியலறை எழுந்துவந்தது. என் கணவர் முதல் வாயை வைத்துவிட்டு விழுங்காமல் என்னைப் பார்த்தார். அத்தை தன் கையை மோந்து பார்த்தார். வாண்டு மட்டும் ஆர்வமாக, "அம்மா, இதை நிறைய சாப்பிட்டா வாயில நுரை வருமா?" என்றாள்.

மாமா ரசித்துச் சாப்பிட்டார். "பிரமாதம்" என்றார். தினமும் சொல்வதுதான். அவர் பிரமாதம் சொல்லாத சாப்பாட்டை நான் அந்த வீட்டில் பார்த்ததே இல்லை. "நம்ம அரிசி எப்படி உதிரி உதிரியா இருக்கு பாத்தியா" என்று வேறு பெருமைப்பட்டுக்கொண்டார்.

அவர் எழுந்து கை கழுவப் போனதும் நான் வாயைத் திறந்தேன். அத்தை என் வாயைப் பொத்தாத குறை.

"சொல்லாதம்மா. இப்பத்தான் மனுஷனா நடமாடுறாரு. ஒரு வருஷத்து அரிசி வீணாப் போச்சுன்னு தெரிஞ்சா மறுபடி அந்த சோபாவுல போய் உட்கார்ந்துடுவாரு. இந்தத் தடவை எழுந்திரிக்க மாட்டாரு."

"அதுக்காக வருஷம் பூரா சோப்பு திங்கணுமா அத்தை?"

"நான் ஏதாவது பண்றேன்."

பண்ணிப் பார்த்தார், பாவம். தண்ணீர் மாற்றி மாற்றிக் கழுவினார். கழுவக் கழுவச் சோப்பு வாசனைக்கு உயிர் வந்ததே தவிரப் போகவில்லை. வெறும் சட்டியில் வறுத்தார். வறுத்த ரோஜா வந்தது. வெங்காயமும் பூண்டும் அள்ளிப் போட்டுச் சமைத்தார். வெங்காயம் நறுக்கிவிட்டுச் சோப்புப் போட்டுக் கை கழுவினால் கையில் ஒரு வாடை நிற்குமே, அதைத் தட்டில் வைத்துச் சாப்பிட்டோம். நாளாக ஆக எங்களுக்கே தேர்ச்சி வந்துவிட்டது. எலுமிச்சைப் பக்கத்துப் பை என்றால் கொஞ்சம் சமாளிக்கலாம், ரோஜாப் பக்கத்துப் பை என்றால் கண்ணை மூடிக்கொள்ள வேண்டும். வாண்டு பள்ளிக்கூடத்துக்கு ரொட்டிதான் வேண்டும் என்று அடம்பிடித்தாள்.

சோப்பையாவது இடம் மாற்றலாம் என்று, மாமா பல் டாக்டரிடம் போயிருந்த நேரத்தில் நானும் என் கணவரும் எல்லாவற்றையும் பொறுக்கி எடுத்து மேல் தட்டில் அடுக்கினோம். மாமா வந்ததும் வராததுமாகக் கண்டுபிடித்துவிட்டார். "யாரோ கை வெச்சிருக்காங்க" என்று சொல்லி, ஒவ்வொன்றையும் பழையபடி அந்தந்த இடுக்கிலேயே செருகினார். எறும்பு வரும்ப்பா, சோப்பைத் தனியா வைக்கலாமே என்று என் கணவர் மெல்ல ஆரம்பித்தார். சோப்புக்கு வருகிற எறும்பை நீ எங்கே பார்த்தாய் என்று கேட்டு, மாமா அவரை மூன்றாம் வகுப்புப் பையனைப்போல ஆக்கிவிட்டார்.

இன்னொரு நாள் ஒரு பை அரிசியை மொட்டைமாடி வெயிலில் பரப்பினோம். மாமா மாடியேறி வந்துவிட்டார். அத்தை அவசரத்தில், "பூச்சி இருந்த மாதிரி இருந்துச்சுங்க" என்று சொல்லிவிட்டார். மாமாவின் முகம் செத்துப் போயிற்று. "என் ஸ்டோர்லயா?" என்றார். கண்ணாடியை மாட்டிக்கொண்டு வெயிலில் குந்தி உட்கார்ந்து, இல்லாத பூச்சியைச் சாயங்காலம்வரை தேடினார். அத்தை குடையைப் பிடித்துக்கொண்டு பக்கத்திலேயே நின்றார். எனக்குப் பரிதாபமும் வந்தது, எரிச்சலும் வந்தது. எரிச்சல்தான் அதிகம் வந்தது என்பதை ஒளிப்பானேன்.

ஏனென்றால் எனக்குள் ஒரு சந்தேகம் முளைத்திருந்தது. இவருக்கா தெரியவில்லை? மூக்கு முகத்தில்தானே இருக்கிறது? குழந்தை தட்டைத் தள்ளிவிட்டு அழும்போதும் பிரமாதம் என்று சொல்கிற மனிதர், தெரிந்தே வீம்புக்கு நடிக்கிறார். தன் ஸ்டோரில் தப்பு நடந்தது என்று ஒத்துக்கொள்ள மனம் வராமல் எங்களையும் சேர்த்துச் சோப்புத் தின்ன வைக்கிறார். இப்படி நினைக்க நினைக்க, தள்ளி வைத்த கோபம் முழுசாக மூக்கு நுனிக்கு வந்து உட்கார்ந்துகொண்டது.

அப்போதுதான் மாடி வீட்டு டீச்சர் எங்கள் ஸ்டோரைப் பார்க்க நேர்ந்தது. ஒரு தீப்பெட்டி கேட்டு வந்தவர் அறை வாசலிலேயே நின்றுவிட்டார். அடுக்கியிருந்த அழகைப் பார்த்து அசந்துபோனார். போய் மற்றவர்களிடம் சொன்னார். அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலை டீச்சரும் எதிர் வீட்டு எலக்ட்ரீஷியனும் கீழ் வீட்டு நர்ஸும் எங்கள் கூடத்தில் வந்து உட்கார்ந்தார்கள். மூன்று வீட்டுக்கும் சேர்த்து ஒரு வருடத்துச் சாமான் மாமாவே வாங்கி, கீழே பூட்டிக் கிடக்கும் சைக்கிள் அறையில் அடுக்கித்தர வேண்டுமாம். பணத்தைக் கையோடு கொண்டுவந்திருந்தார்கள்.

மாமாவுக்கு நெஞ்சு ரெண்டு அங்குலம் விரிந்ததை நான் பார்த்தேன். "நாளைக்கே போறேன்" என்றார். "இப்ப சோப்பும் அரிசியும்தான் நல்ல விலைக்கு இருக்கு."

அத்தை என்னைப் பார்த்தார். நான் அத்தையைப் பார்த்தேன். நாங்கள் சாப்பிடுவோம். இவர்கள் சாப்பிடுவார்களா? முதல் வாயிலேயே துப்பிவிட்டு, தட்டோடு வந்து கதவைத் தட்டுவார்கள். வீட்டுக்குள் தெரிந்தால் சோபாவோடு போகும். கட்டடமே கூடிச் சிரித்தால் இந்த மனிதர் அதன்பிறகு வாசலைத் தாண்டுவாரா?

"மாமா, ஒரு நிமிஷம் உள்ள வாங்க."

"இரும்மா, பேசிட்டிருக்கேன்ல."

"இப்பவே வாங்க மாமா."

என் குரலில் இருந்தது அவருக்குப் புரிந்திருக்க வேண்டும், எழுந்து வந்தார். ஸ்டோருக்குள் கூட்டிப்போய், ரோஜாப் பக்கத்துப் பையிலிருந்து ஒரு கை அரிசியை அள்ளி அவர் மூக்குக்கு நேரே நீட்டினேன்.

"மோந்து பாருங்க."

குனிந்து ஆழமாக மூச்சை இழுத்தார். பிறகு நிமிர்ந்தவர் அரிசியைப் பார்க்கவில்லை. என் முகத்தைப் பார்த்தார். என் கண்ணையும் உதட்டையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, மெதுவாகச் சொன்னார்: "நல்...லாத்தானேம்மா இருக்கு?"

அந்தப் பார்வையை நான் தினமும் பார்க்கிறேன். என் கடை நாற்காலியில் உட்கார்ந்து கடைசி வரியை வாசிக்கச் சொன்னால், எழுத்துக் கண்ணுக்குத் தெரியாதவர்கள் பலகையை விட்டுவிட்டு என் முகத்தைப் பார்ப்பார்கள். ஒரு எழுத்தை உத்தேசமாகச் சொல்லிவிட்டு, சரியா தப்பா என்று என் புருவத்தில் தேடுவார்கள். எனக்கு வந்த கோபம் எங்கே போனது என்றே தெரியவில்லை. அரிசியைப் பையில் போட்டுவிட்டு, ஒரு ரோஜாச் சோப்பை எடுத்தேன்.

"கண்ணை மூடிக்குங்க மாமா. இது என்னன்னு சொல்லுங்க."

மூடினார். சோப்பை மூக்கில் இடிக்கும் அளவுக்குக் கொண்டுபோனேன். ரொம்ப நேரம் யோசித்தார்.

"டீத்தூளா?"

அவர் கண்ணைத் திறந்து சோப்பைப் பார்த்தார். அரிசிப் பையைப் பார்த்தார். இடுக்கில் இருந்த சோப்புகளை ஒவ்வொன்றாகப் பார்த்தார். மூளை வேகமாக ஓடுகிற மனிதர், ஒரு வார்த்தைகூட நான் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

"எல்லாப் பையிலயுமா?"

"பாதி ரோஜா, பாதி எலுமிச்சை மாமா."

பக்கத்தில் இருந்த மூட்டைமேல் உட்கார்ந்தார். "டெப்போல இருக்கும்போது ஒரு சளி பிடிச்சுதும்மா. சளி போச்சு, வாசனை திரும்பி வரல. அந்த ரூம்ல தின்னர் இருக்கு, பெயின்ட் இருக்கு, கேஸ் சிலிண்டர் இருக்கு. மூக்கு இல்லாதவனை அங்க வெச்சிருப்பாங்களா? சொல்லல. அப்புறம் வீட்டுல சொல்லலாம்னு பார்த்தா..." நிறுத்தினார். "உப்பு தெரியும், புளிப்பு தெரியும், காரம் தெரியும். மத்தபடி எதைத் தின்னாலும் ஒண்ணுதான். உங்க அத்தை காலைல எழுந்ததுலேருந்து அடுப்படியில நிக்கிறா. அவகிட்ட போய் எனக்கு எதுவுமே தெரியலன்னு எப்படிச் சொல்றது? கரண்டியைப் பாத்திரத்து விளிம்புல தட்டுவா பாரு. நல்லா வந்திருந்தா ரெண்டு தட்டு. அதைக் கேட்டுக்கிட்டு பிரமாதம்னு சொல்லிடுவேன். நீ சொல்லிடாதம்மா அவகிட்ட."

சொல்ல வேண்டியிருக்கவில்லை. அத்தை என் முதுகுக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தார்.

"பால் பொங்கிக் கருகும்போதெல்லாம் பக்கத்துலயே உட்கார்ந்து பேப்பர் படிப்பீங்களே," என்றார் அத்தை. "சோம்பேறி, ஜடம், எருமைன்னு எத்தனை தடவை திட்டியிருக்கேன்."

"வாங்கிக்கிட்டேன்" என்றார் மாமா.

அத்தை சமையலறைக்குத் திரும்பிவிட்டார். எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. கூடத்தில் மூன்று பேர் பணத்தோடு உட்கார்ந்திருந்ததால் அதை விழுங்கிக்கொண்டேன். மாமா எழுந்து, சட்டையைச் சரிசெய்துகொண்டு, அவர்களிடம் போனார்.

"எனக்கு மூக்கு வேலை செய்யாதுங்க. சோப்பை அரிசியோட அடுக்கி வீட்டு அரிசியைக் கெடுத்துட்டேன். பணத்தை எடுத்துட்டுப் போங்க. அப்படியும் நான்தான் வேணும்னா, மோந்து பார்க்க உங்கள்ல ஒரு ஆளைக் கொடுங்க, பண்றேன்."

எலக்ட்ரீஷியன் சிரித்துவிட்டார். டீச்சர் அவரை முறைத்தார். கீழ் வீட்டு நர்ஸ்தான், "நான் வர்றேன் சார். ஆஸ்பத்திரில மோந்து பார்க்காததா" என்றார். பணத்தை யாரும் எடுத்துக்கொண்டு போகவில்லை.

பகல் முழுக்க மாமா ஸ்டோரிலேயே இருந்தார். இடுக்கிலிருந்து சோப்புகளை எடுத்து எடுத்து எண்ணெய் டப்பாக்களுக்கு அப்பால் வைக்கும் சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது. அத்தை அவரிடம் பேசவில்லை. மத்தியானச் சாப்பாட்டைத் தட்டில் போட்டு மேஜையில் வைத்துவிட்டு நகர்ந்துவிட்டார். என் கணவர் அம்மா பக்கம் போவதா அப்பா பக்கம் போவதா என்று தெரியாமல் கூடத்துக்கும் சமையலறைக்கும் நடையாய் நடந்தார். என்ன கோபம் அத்தை என்று நான் கேட்டேன். "கோபம் இல்லம்மா" என்றார். "யாருக்காக ஆக்கினேன்னு நினைச்சேனோ, அந்த மனுஷன் ஒருநாள்கூட அதைச் சாப்பிடலயே." பாத்திரங்களை எடுத்துக்கொண்டு போய்க் கழுவினேன்.

சாயங்காலம் விளக்குப் போட்டதும் எல்லோரும் சாப்பிட உட்கார்ந்தோம். வேறு அரிசி வாங்க வழி ஏது? அதே சோறுதான். பருப்பும் வதக்கிய கீரையும் இருந்தன. மாமா முதல் வாயைச் சாப்பிட்டார். இரண்டாவதும் சாப்பிட்டார். பிரமாதம் என்று சொல்லவில்லை. அந்த வீட்டில் அந்த வார்த்தை இல்லாமல் நடந்த முதல் சாப்பாடு அது.

"என்ன, ஒண்ணும் சொல்லல?" என்றார் அத்தை.

"என்னத்தைச் சொல்றது. இனிமே சொன்னா நம்பவா போற?"

எப்போதும் எங்களுக்கெல்லாம் பரிமாறிவிட்டுக் கடைசியில் உட்காருகிற அத்தை, ஒரு நாற்காலியை இழுத்து அவருக்கு எதிரே போட்டு உட்கார்ந்தார். தன் தட்டில் கொஞ்சம் போட்டுக்கொண்டு, ஒரு வாய் எடுத்து, கண்ணை மூடி மெதுவாக மென்றார்.

"பருப்புல பூண்டு போட்டிருக்கேன். தாளிக்கும்போது ஒரு நொடி கூடப் போச்சு, லேசாக் கருகிடுச்சு. ஆனா அந்தக் கருகல்தான் நல்லா இருக்கு. முன்னாடி வராது, முழுங்கினப்புறம் தொண்டையில வந்து நிக்குது. கீரை இன்னிக்குப் பறிச்சது போல. பச்சையா ஒரு வாசனை அடிக்குது, மழை பேஞ்சு விட்டா தோட்டத்துல அடிக்குமே, அது. எலுமிச்சம்பழம் பிழிஞ்சிருக்கேன். நாக்கோட ஓரத்துல புளிப்பு."

"புளிப்பு தெரியுது" என்றார் மாமா அவசரமாக.

"தெரியுதா?"

"தெரியுது. ஓரத்துலதான்."

அவர் கீரையை வாயில் வைத்துக்கொண்டு, அத்தை சொன்ன மழையைத் தேடுகிறவர் மாதிரி அசையாமல் இருந்தார். பிறகு தயங்கித் தயங்கிக் கேட்டார்: "சோறு?"

அத்தை எங்கள் ஒவ்வொருவர் முகத்தையும் பார்த்தார். இத்தனை நாள் கட்டிக்காத்த பொய் அவர் வாய்வரைக்கும் வந்ததை நான் பார்த்தேன்.

"சோறு ரோஜாச் சோப்பு" என்றார்.

"ரொம்பவா?"

"ரொம்ப. வாய்க்குள்ள குளிச்ச மாதிரி இருக்கு."

மாமாவின் தோள்கள் குலுங்கின. சிரிக்கிறார் என்றுதான் முதலில் நினைத்தேன், சிரிக்கத்தான் செய்தார், ஆனால் கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்துகொண்டிருந்தது. "இத்தனை நாளா இதையா சாப்பிட்டீங்க? குழந்தைகூடவா? எனக்காகவா?"

"நீங்க மட்டும் என்னவாம்" என்றார் அத்தை. "இத்தனை வருஷமா எனக்காகச் சாப்பிடலயா?"

மாமா முகத்தைத் துடைத்துக்கொள்ளவில்லை. தட்டை முன்னால் நகர்த்தி, "இன்னும் கொஞ்சம் கீரை போடு" என்றார். அத்தை எடுத்துப் போட்டுவிட்டு, தானும் ஒரு வாய் வைத்துக்கொண்டு, முதலிலிருந்து மறுபடி சொல்ல ஆரம்பித்தார். எங்களுக்குச் சாப்பாடு முடிந்திருந்தது. கை காய்ந்துபோகும்வரை யாரும் எழுந்திருக்கவில்லை.